முன்வழி அடைபட்ட வயிற்றில் பெருந்தமனி அறுவை: பின்வழியில் போன ஒரு நிகழ்வின் முழு விவரம்

நோயாளியின் சம்மதத்தோடு எழுதப்படுவது இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டோம். அறுவையில் நேரடியாகப் பங்குகொண்ட ஒருவரின் பதிவு என்பதால், எங்களிடம் இருந்த இரண்டு குறைகளையும் மழுப்பாமல் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

எங்களிடம் வந்தபோது அவருக்கு வயது 68. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில், தற்செயலாக வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருப்பது தெரிந்தது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியின் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில்தான் இருக்கும். 3 செ.மீ. ஆகிவிட்டால் அதை அனியூரிசம் என்கிறோம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் சரிசெய்வதைப் பற்றிப் பேச வேண்டும். இவருக்கு முதல் ஸ்கேனிலேயே 5.6 செ.மீ.

அப்படியிருந்தும் 11 மாதம் சும்மா கடந்தது. அதற்குக் காரணம் அவருடைய வயிறு. 41 வயதில், புண்ணான பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வலது அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இலியோஸ்டமி. அன்றிலிருந்து மலம் அங்கே ஒட்டிய பையில்தான் சேர்கிறது. அதன்பிறகு குடல் ஒட்டிக்கொண்டு அடைத்ததால் இரண்டு முறை வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். கடைசி முறை 9 வருடம் முன்பு. அந்த அறுவைக் குறிப்பை வரவழைத்துப் படித்தோம். குடலைப் பிரித்தெடுக்க மட்டும் 5 மணி நேரம், பிரிக்கும்போது இரண்டு இடத்தில் குடல் கிழிந்தது, தைத்தோம் என்று எழுதியிருந்தது. எழுதியவரின் அலுப்பு கையெழுத்திலேயே தெரிந்தது.

முதலில் பார்த்த மருத்துவக் குழு, ஸ்டென்ட் கிராஃப்ட் (தொடைத் தமனி வழியாக உள்ளே கொண்டுபோய் வைக்கும் செயற்கைக் குழாய்) பொருந்தாது, வயிற்றைத் திறக்கவும் முடியாது, கவனித்துக்கொண்டு இருக்கலாம் என்று முடிவு செய்தது. அடுத்த அளவீட்டில் 6.4 செ.மீ. ஆனபோது எங்களிடம் அனுப்பினார்கள். 6 முதல் 7 செ.மீ. வரையுள்ள அனியூரிசம் ஒரு வருடத்தில் வெடிக்கும் வாய்ப்பு பொதுவாக 10 முதல் 20 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. வெடித்தால் பெரும்பாலோர் மருத்துவமனைக்கே வந்து சேருவதில்லை. இனியும் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நல்லதல்ல என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. எந்த வழியாகப் போவது என்பதில்தான் விவாதம்.

பரிசோதனையில் கண்டது

30 வருடம் புகைத்து, 6 வருடம் முன்பு விட்டவர். நுரையீரல் திறன் சோதனையில், முதல் வினாடியில் ஊதும் காற்று எதிர்பார்க்கும் அளவில் 58 சதவீதம். இதயம் பம்ப் செய்வது பரவாயில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4, சற்று அதிகம். மாடிப்படி ஏறினால் இரண்டாவது தளத்தில் நின்று மூச்சு வாங்குவார், நெஞ்சுவலி இல்லை. ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் ஏற்கெனவே சாப்பிட்டுவந்தார். அவற்றை நிறுத்தவில்லை.

இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் தெரிந்தவைதான் முடிவைத் தீர்மானித்தன. சிறுநீரகத் தமனிகளுக்கும் வீக்கம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே நல்ல நிலையில் இருந்த தமனி 4 மி.மீ. மட்டும். இந்தப் பகுதியைக் ‘கழுத்து’ என்கிறோம். வழக்கமான ஸ்டென்ட் கிராஃப்ட் பிடித்துக்கொள்ள 10 முதல் 15 மி.மீ. வேண்டும். இடுப்புத் தமனிகள் இரண்டும் சுண்ணாம்பு படிந்து, சில இடங்களில் 5 மி.மீ. அளவுக்குக் குறுகியிருந்தன. மேல் குடல் தமனிக்கும், இரண்டு சிறுநீரகத் தமனிகளில் மேலே இருந்ததற்கும் இடையே 12 மி.மீ. சுத்தமான இடம் இருந்தது. இரத்த ஓட்டத்தை நிறுத்தும் கவ்வியை, அதாவது கிளாம்ப்பைப் போட அது போதும். வலது சிறுநீரகத் தமனியின் வாயில் அடைப்பு இல்லை. இடது விலாவுக்குக் கீழே பழைய வடிகுழாய் வைத்த தழும்பு ஒன்று.

அறிக்கையில் ஒரு வரி: “இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்புறமாகச் செல்கிறது.” இந்த வரிக்குப் பிறகு வருவோம்.

எந்தெந்த வழிகள் எடைபோடப்பட்டன

நடுவயிற்றை மேலிருந்து கீழாகத் திறப்பது எல்லோரும் பழகிய வழி. வேகமானது, இரண்டு பக்கத்துத் தமனிகளும் கைக்கு எட்டும். ஆனால் இவருக்கு அந்த வழியில் பெருந்தமனியைத் தொடுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடும். நேரம் போவதைவிடப் பெரிய பயம் வேறு. குடலைப் பிரிக்கும்போது ஒரு சிறு கிழிசல் விழுந்தாலும், பக்கத்தில் வைக்கப்போகும் டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயில் (கிராஃப்ட்) கிருமி தொற்றலாம். கிருமி தொற்றிய கிராஃப்ட்டை வெளியே எடுப்பது முதல் அறுவையைவிடக் கொடுமையானது. குறுக்காகத் திறந்தாலும் உள்ளே இருக்கும் குடல் அதே குடல்தான்.

ஸ்டென்ட் வழியை முதல் குழு ஒதுக்கிவிட்டது என்பதற்காக நாங்களும் அப்படியே ஒதுக்கவில்லை. 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடை வழியாகக் கிராஃப்ட்டைக் கொண்டுபோய் வைத்துக் காட்டியதிலிருந்து, இத்தகைய நோயாளிகளில் பெரும்பங்கினருக்கு அதுதான் முதல் யோசனை. கழுத்து போதாதவர்களுக்கு, சிறுநீரகத் தமனிகளுக்கு நேராகத் துளைகள் வைத்து, ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் கிராஃப்ட் உண்டு. அதைத் தீவிரமாகவே யோசித்தோம். செய்து வரச் சில வாரங்கள் ஆகும், அது பிரச்சினையில்லை. 5 மி.மீ. இடுப்புத் தமனிக்குள் அந்தத் தடித்த குழாய் நுழைவதுதான் சிக்கல். அதோடு, ஏற்கெனவே கிரியாட்டினின் 1.4 உள்ளவருக்கு வைக்கும்போதும் பின்னர் கண்காணிக்கும்போதும் ஸ்கேனில் தமனி தெரிவதற்கான, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கான்ட்ராஸ்ட் மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். எங்கள் ஸ்டென்ட் நிபுணரே “என்னால் முடியும், ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை” என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லாப்ராஸ்கோப்பி பற்றிப் பேச இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மீதி இருந்தது பின்வழி. குடலை மூடியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வுப் பையைத் திறக்காமல், பையோடு சேர்த்து மொத்தத்தையும் முன்னால் ஒதுக்கிவிட்டு, இடது விலாப்பக்கத்திலிருந்து பெருந்தமனியை அடைவது. பெருந்தமனி முதுகெலும்பின் மேல் படுத்திருக்கிறது. அது இருப்பது பைக்கு வெளியே. முன்வாசலில் கூட்டம் என்றால் கொல்லைப்புறமாகப் போவது போலத்தான். இது புதுசு ஒன்றுமில்லை. 1951இல் பாரிஸில் சார்லஸ் துபோஸ்ட் வயிற்றுப் பெருந்தமனி அனியூரிசத்தை வெட்டியெடுத்து, இறந்தவரிடமிருந்து எடுத்த தமனியைப் பொருத்தியதே பெரிட்டோனியத்துக்கு வெளியிலிருந்துதான். பிறகு முன்வழி பெருவழக்கானது. 1963இல் சார்லஸ் ராப் பின்வழியை மறுபடி பேசவைத்தார். 1980இல் மெல்வில் வில்லியம்ஸ் குழு, இடது சிறுநீரகத்தையும் சேர்த்து முன்னால் தூக்கி, பெருந்தமனியின் மேல்பகுதியையும் திறந்து காட்டும் விரிந்த முறையை விவரித்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது இந்தக் கடைசி முறையைத்தான்.

ஏன் இதை

குடலைத் தொட வேண்டாம் என்பது முதல் காரணம். கழுத்து 4 மி.மீ. என்றால் கிளாம்ப் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே போக வேண்டும், அந்த இடம் பின்வழியில் நன்றாகத் திறந்துகொள்ளும் என்பது இரண்டாவது காரணம். இலியோஸ்டமி வலது பக்கம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவரை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் பை கீழே போய்விடும், கசிந்தாலும் காயத்தை விட்டு விலகித்தான் ஓடும். இடது பக்கம் இருந்திருந்தால் வலப்பக்கமாகப் போக வேண்டியிருக்கும். அங்கே பெருஞ்சிரை குறுக்கே நிற்கும், சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே கை எட்டுவது கடினம். அப்போது இந்தக் கணக்கு முழுக்க வேறாகியிருக்கும்.

நுரையீரலுக்கு இந்த வழி நல்லது என்று எங்களில் இரண்டு பேர் வாதிட்டார்கள். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. 1990இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வு ஒன்று இரண்டு வழிகளுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு காணவில்லை. 1995இல் வெளியான இன்னொன்று, பின்வழியில் குடல் முடங்குவது குறைவு, ஐ.சி.யு. நாட்கள் குறைவு, ஆனால் காயத்தில் நீண்டகால வலி அதிகம் என்றது. அந்தக் கடைசிப் பகுதியை நாங்கள் படித்திருந்தோம். நோயாளியிடம் எடுத்துச் சொன்னோமா என்பது வேறு கதை.

இந்த வழிக்குள்ள குறைகளையும் பலகையில் எழுதினோம். வலது சிறுநீரகத் தமனியில் வேலை செய்வது கடினம். இவருக்கு அங்கே வேலை இல்லை. வலது இடுப்புத் தமனியைச் சுற்றிப் பிடிப்பது சிரமம். உள்ளிருந்து பலூன் வைத்து அடைத்துக்கொள்ளலாம். இடையில் வயிற்றுக்குள் வேறு ஏதும் பார்க்க நேர்ந்தால் பார்க்க முடியாது. ஒப்புக்கொண்டோம்.

பெருங்குடல் இல்லாததில் ஒரு லாபமும் இருந்தது. வழக்கமாக இந்த அறுவையில் கீழ்க் குடல் தமனியைக் கட்டினால் இடது பெருங்குடல் அழுகிவிடுமோ என்று இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது. இவருக்கு அழுக அங்கே ஒன்றும் இல்லை.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு அவரிடமும் மகளிடமும் 40 நிமிடம் பேசினோம். உயிராபத்து, சிறுநீரகம், இதயம், கால் இரத்த ஓட்டம் எல்லாம் சொன்னோம். “வயிற்றைத் திறக்காமலே செய்யப்போகிறோம், ஐயா” என்றார் எங்கள் மூத்த மருத்துவர். நோயாளியின் முகம் அதில்தான் தெளிந்தது. “அது போதும் டாக்டர்” என்றார். காயத்தைப் பற்றிச் சம்மதப் படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘வலி, தொற்று, தழும்பு’.

அறுவை நாள்

வலி குறைக்க முதுகுத்தண்டருகே மருந்து செலுத்தும் மெல்லிய குழாய் (எபிடியூரல்) வைத்து, மயக்க மருந்து கொடுத்த பிறகு, படுக்கவைப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. இதை அவசரப்படுத்தக் கூடாது. தோள் சுமார் 60 பாகை தூக்கி நிற்க வேண்டும், இடுப்பு 30 பாகைக்கு மேல் திரும்பக் கூடாது. உடம்பை முறுக்கிய மாதிரி இருக்கும். இடுப்பையும் முழுக்கத் திருப்பிவிட்டால் இரண்டு தொடை மடிப்பும் கைக்கு எட்டாது. வலது காலுக்கு இரத்தம் போகவில்லை என்றால் அப்போது போய்த் தொடையைத் திறக்க வழி வேண்டும். காற்றை உறிஞ்சினால் இறுகும் மெத்தை முதுகைப் பிடித்துக்கொள்ள, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மேசையை மடித்தோம். ஸ்டோமா (வெளியே வைத்த குடல்வாய்) பையைக் காலி செய்து, புதுப் பை ஒட்டி, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு முழுதாக மறைத்தோம்.

கீறல், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இடது நேர்தசையின் (வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக ஓடும் தசை) வெளி ஓரத்தில் தொடங்கி 10வது விலா இடைவெளிக்குள் போனது. மூன்று தசை அடுக்கும் பிரிந்தபின், பெரிட்டோனியத்தை வெளி ஓரத்திலிருந்து தொடங்கி விரலால் உரிக்க வேண்டும். நேர்தசைப் பக்கம் அது வெங்காயச் சருகு மாதிரி, தொட்டால் கிழியும். வெளிப்பக்கம் கொழுப்பு இருப்பதால் தாங்கும். பழைய வடிகுழாய்த் தழும்பு வந்த இடத்தில் மட்டும் சவ்வு தசையோடு ஒட்டிக்கிடந்தது. அங்கே உரிக்காமல் ஒரு நாணய அளவு தசையைச் சவ்வோடு விட்டுவிட்டு வெட்டினோம். அப்படியும் இரண்டு ஓட்டை. குடல் எட்டிப் பார்த்தது. உடனே தைத்து மூடினோம். 35 நிமிடத்தில் பை முழுவதும் முன்னால் சரிந்துவிட்டது. அடிவயிற்றில் 27 வருடமாக ஒட்டிக்கிடந்த குடல் ஒட்டியபடியே விலகிக்கொண்டது.

அறிக்கையில் வராத சிரை

இடது சிறுநீரகத்தை முன்னால் தூக்கும்போது, சிறுநீரகச் சிரையிலிருந்து முதுகுத் தசைக்குள் போகும் ஒரு கிளை எப்போதும் இழுத்துப் பிடிக்கும். அதை முதலில் தேடிக் கட்டி வெட்டினால்தான் சிறுநீரகம் மேலே வரும். எதிர்பார்த்த இடத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. கட்டினோம், வெட்டினோம். ஆனாலும் சிறுநீரகம் முழுதாக எழவில்லை, கீழ்ப்பக்கம் ஏதோ கயிறு கட்டின மாதிரி இழுத்தது. ஒட்டிய திசு என்று நினைத்து, உதவியாளராக நின்ற நான், உறுப்பை ஒதுக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தேன்.

கருஞ்சிவப்பு இரத்தம் சத்தமில்லாமல் குழியை நிரப்பியது. தமனி என்றால் பீய்ச்சும், இது ஊறியது. ஊறுவதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். எங்கிருந்து என்றே தெரியாது. மூத்த மருத்துவர் முதலில் செய்தது, “சிறுநீரகத்தைக் கீழே விடு” என்று சொல்லி அதைப் பழைய இடத்திலேயே படுக்கவைத்தது. இழுப்பு விட்டதும் பாதி நின்றது. விரலால் அழுத்தியபடி 5 நிமிடம் யாரும் எதுவும் செய்யவில்லை. மயக்க மருத்துவர் இரத்த அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளவும், வெளியேறும் இரத்தத்தைச் சேர்த்துச் சுத்தம் செய்து திருப்பித் தரும் செல் சேவர் கருவி ஓடவும் அந்த நேரம் உதவியது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை இன்னும் போடவில்லை என்பது பெரிய ஆறுதல்.

பிறகு, பெருந்தமனியின் மேலும் கீழும் பஞ்சு உருண்டையால் அழுத்தி, விரலை மெல்ல எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சுண்டுவிரல் தடிமனில் ஒரு சிரை பெருந்தமனிக்குப் பின்னால் நுழைகிறது. நுழையும் இடத்தில் கிழிந்திருக்கிறது. பெருந்தமனிப் பக்க முனையை 5-0 பாலிப்ரோப்பிலீன் நூலால் தைத்து, சிறுநீரகப் பக்க முனையைக் கட்டினோம். போன இரத்தம் சுமார் 550 மி.லி.

அறுவை அறையின் திரையில் சி.டி.யை மறுபடி ஓட்டினோம். இடது சிறுநீரகச் சிரை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பெருந்தமனிக்கு முன்னாலும், இன்னொன்று சற்றுக் கீழே இறங்கிப் பின்னாலும் போய், வளையம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. கருவில் சிரைகள் உருவாகும்போது மறைய வேண்டிய பின்கிளை மறையாமல் தங்கிவிட்டால் இப்படி ஆகும். அரிய அதிசயம் ஒன்றுமில்லை. பெருந்தமனி அறுவை செய்கிறவர்கள் எல்லோரும் வாழ்நாளில் சிலமுறை பார்ப்பதுதான். படத்தில் தெளிவாகவே இருந்தது. அறிக்கை எழுதியவர் முன்கிளையைப் பார்த்தார், சிரை வழக்கமான இடத்தில் இருக்கிறது என்று எழுதினார். நாங்களும் முன்கிளையைப் பார்த்தோம், அறிக்கை சரி என்றோம். சிரை முன்னால் இல்லாமலே போயிருந்தால் எங்கே என்று தேடியிருப்போம். ஒன்று கிடைத்துவிட்டதால் தேடுவது நின்றுவிட்டது.

இதில் ஒரு நல்லது, முன்கிளை முழுதாக இருந்ததால் பின்கிளையைக் கட்டியதில் சிறுநீரகத்துக்குக் கேடில்லை. தூக்கிவைத்த பிறகு அது வீங்கவில்லை, நிறமும் மாறவில்லை. பின்கிளை மட்டுமே இருந்து, அதைக் கிழித்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கிளாம்ப் போட்டதிலிருந்து மூடியது வரை

அதற்கப்புறம் நடந்தது நினைத்ததைவிட எளிது. உதரவிதானத்தின் ‘இடக்கால்’ எனப்படும், அதை முதுகெலும்போடு பிணைக்கும் தசைப்பட்டையை வெட்டியதும் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே பெருந்தமனி வெறுமையாகத் தெரிந்தது. சிறுநீரைப் பெருக்கும் மேனிட்டால் 25 கிராம், ஹெப்பாரின் 5,000 யூனிட். மேல் குடல் தமனிக்குக் கீழே கிளாம்ப். வீக்கத்தைத் திறந்து, உள்ளே படிந்த இரத்தக் கட்டியை அள்ளி எடுத்துவிட்டு, இரண்டு சிறுநீரகத் தமனிகளின் வாய்க்குள்ளும் மெல்லிய குழாய் விட்டு 4 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்த உப்புநீர் செலுத்தினோம். முதுகுத் தமனிகளின் வாய்களை உள்ளிருந்தே தைத்தோம். வலது இடுப்புத் தமனியிலிருந்து பின்னோக்கி வந்த இரத்தத்தை, திட்டமிட்டபடி உள்ளே பலூன் விட்டு அடைத்தோம்.

20 மி.மீ. டேக்ரான் குழாயின் மேல் முனையைச் சிறுநீரகத் தமனிகளை ஒட்டித் தைத்து முடித்து, கிளாம்ப்பைக் கீழே கிராஃப்ட்டுக்கு மாற்றியபோது 26 நிமிடம் ஆகியிருந்தது. அரை மணிக்குள் சிறுநீரகங்களுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட வேண்டும் என்பது எங்கள் இலக்கு. கீழ் முனையையும் தைத்து இரண்டு கால்களுக்கும் ஓட்டம் திரும்ப மொத்தம் 71 நிமிடம். கிளாம்ப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு காலாக, மயக்க மருத்துவரிடம் சொல்லிச் சொல்லித் திறந்தோம். இரண்டு பாதத்திலும் நாடி கைக்குக் கிடைத்தது.

மூடுவதற்கு முன் மேசையை நேராக்க வேண்டும். மடித்த மேசையில் தசை அடுக்குகள் ஒன்றோடொன்று சேராது, இழுத்துத் தைத்தால் நூல் தசையை அறுக்கும். அன்று அதை நினைவூட்டியது தியேட்டர் செவிலியர். மொத்த இரத்த இழப்பு 1,400 மி.லி. அதில் 600 மி.லி. செல் சேவர் வழியாக அவருக்கே திரும்பியது. வெளியிலிருந்து ஒரு யூனிட் மட்டும்.

அடுத்த 8 நாட்கள்

அன்று மாலையே செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிட்டோம். இடது நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு நாள் சுருங்கியிருந்தது, ஊதும் பயிற்சியில் சரியானது. மறுநாள் காலை ஸ்டோமா பையில் காற்று. மதியம் கஞ்சித்தண்ணீர் பதத்தில் மலம். முன்வழியில் இத்தனை ஒட்டலைப் பிரித்திருந்தால் ஐந்தாறு நாள் மூக்கில் குழாயோடு கிடந்திருப்பார். அன்றே தண்ணீர் குடித்தார், மூன்றாம் நாள் சாதாரண உணவு.

கிரியாட்டினின் இரண்டாம் நாள் 2.1 வரை ஏறியது. சிறுநீர் குறையவில்லை. 7ஆம் நாள் 1.5. இதற்குக் கிளாம்ப் காரணமா, சிரையில் போன இரத்தமா, சிறுநீரகத்தைத் தூக்கிவைத்திருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐ.சி.யு.வில் இரண்டு இரவு, எபிடியூரல் மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது, 8ஆம் நாள் வீட்டுக்குப் போனார். கிழிந்த சிரையைப் பற்றி அதற்கு முன்பே அவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டோம். “படத்தில் இருந்ததா டாக்டர்?” என்று மகள் கேட்டார். “இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை” என்று மூத்த மருத்துவர் பதில் சொன்னார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மூன்றாம் மாதம்

மறுபரிசோதனைக்கு வந்தபோது கிராஃப்ட் நன்றாக இருந்தது. நாங்கள் மகிழ்ச்சியாகப் படத்தைக் காட்ட, அவர் சட்டையைத் தூக்கி இடது விலாப்பக்கத்தைக் காட்டினார். ஒரு சிறு தலையணையை உள்ளே வைத்தது போலப் பக்கம் புடைத்திருந்தது. இருமினால் இன்னும் பெரிதாகும். அதோடு கீறலின் முன்பாதியில் எரிச்சல், சட்டைத் துணி உரசினாலே சுளீர் என்கிறது என்றார். குடலிறக்கமோ என்று பயந்திருந்தார். சி.டி.யில் தசையில் ஓட்டை எதுவும் இல்லை. தசை மெலிந்து தொய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

விலா எலும்புகளுக்கு நடுவே வரும் நரம்புகள்தான் பக்கவாட்டு வயிற்றுத் தசைகளை இயக்குகின்றன. நாங்கள் கீறிய கோடு அவற்றின் பாதையிலேயே போகிறது. நரம்பு அறுந்தால் தசைக்குக் கட்டளை வராது, தசை தளர்ந்து புடைக்கும். ஓட்டை இல்லாததால் வலை வைத்துத் தைத்து முழுதாகச் சரிசெய்யவும் முடியாது. இது பின்வழியின் அறியப்பட்ட விலை. புத்தகங்களில் இருக்கிறது, நாங்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அவர் கோபமாகப் பேசவில்லை. “வயிற்றைத் திறக்க மாட்டோம்னு சொன்னீங்க. பக்கம் இப்படி ஆகும்னு சொல்லலையே டாக்டர்?” என்று கேட்டார். பதில் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்று எங்களில் ஒருவர் பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் மூன்று மாதம் குடலிறக்கம் என்று பயந்துகொண்டு, குனிந்து ஒரு வாளியைத் தூக்காமல் இருந்திருக்க மாட்டார்.

நரம்பு வலிக்கு காபாபென்டின், நடமாடும்போது அகன்ற இடுப்புப் பட்டை, தசைப் பயிற்சி. ஒரு வருடத்தில் எரிச்சல் பெருமளவு அடங்கியது. புடைப்பு அப்படியே இருக்கிறது. கிரியாட்டினின் 1.4.

எங்கள் வேலையில் மாறியவை

பின்வழிக்குத் திட்டமிட்டால், சி.டி.யில் இடது சிறுநீரகச் சிரையை முன்னால் கண்டதோடு விடுவதில்லை. அதன் கீழ் எல்லையிலிருந்து இடுப்புத் தமனி பிரியும் இடம் வரை, பெருந்தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒவ்வொரு வெட்டுப்படமாகப் பார்க்கிறோம். அங்கே ஏதாவது குறுக்கே போனால் அது எது என்று பெயர் சொன்ன பிறகே மேலே நகர்கிறோம். அறிக்கையைப் படிப்பதற்கு முன் படத்தைப் பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம். அறிக்கையை முதலில் படித்தால் கண் அதைத்தான் தேடுகிறது. பின்கிளை இருப்பது முன்பே தெரிந்திருந்தால் இவருக்கும் பின்வழியைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம். சிறுநீரகத்தை அசைப்பதற்கு முன் அந்தக் கிளையை நிதானமாகக் கட்டியிருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறுநீரகம் எழ மறுத்தால் இழுக்கக் கூடாது, பிடித்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

கீறலை விலா இடைவெளிக்குள் தேவைக்கு மேல் நீட்டுவதில்லை. இவருக்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமா என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கிளாம்ப் மேலே போக வேண்டியிருந்ததால் வேறு வழியில்லை என்கிறார் மூத்தவர். இரண்டு விரற்கடை குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். நரம்பு கண்ணுக்குத் தெரிந்தால் அதை விலக்கிவைத்துவிட்டுத்தான் தசையை வெட்டுகிறோம். எல்லா நேரமும் அது முடிவதில்லை.

சம்மதப் படிவத்தில் ‘வலி, தொற்று, தழும்பு’ என்ற வரி போய்விட்டது. இப்போது, இடது பக்கம் நிரந்தரமாகப் புடைக்கலாம், அது குடலிறக்கம் அல்ல, அறுவையால் முழுதாகச் சரியாகாது, சில மாதம் எரிச்சல் இருக்கலாம் என்று தனியாக எழுதி, கீறல் எங்கே வரும் என்று நோயாளியின் உடம்பிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டுகிறோம். படிவத்தின் புது வாசகத்தை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினோம். “எரிச்சல்னு மட்டும் போட்டா போதாது. சட்டை போட முடியாதுன்னு போடுங்க” என்றார். போட்டிருக்கிறோம்.